பின்கதவில் ஒரு கை

நான் ஓட்டும் கல்லூரிப் பேருந்தின் பின்னால் இப்போது கேமரா இருக்கிறது. ரிவர்ஸ் கியர் போட்டதும் டேஷ்போர்டில் சின்னத் திரை விழித்துக்கொள்ளும். எதையாவது நெருங்கினால் கீ கீ என்று கத்தும். கிருஷ்ணன்கோவிலில் மற்ற டிரைவர்கள் எல்லாம் அந்தத் திரையைப் பார்த்தபடியே, ஒரு கையில் டீ கிளாஸோடு, வண்டியைப் பின்னுக்கு எடுத்துச் சொருகிவிடுவார்கள். நான் இறங்குவேன். பின்னால் போய், சக்கரத்தைச் சுற்றி நடந்து, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஏறி, அதற்குப் பிறகுதான் கியரைத் தொடுவேன். "என்னண்ணே, வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறியளா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

எங்கள் பக்கத்தில் டிராக்டர் டிரெய்லரைப் பின்னால் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தந்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். டிராக்டர் இரைச்சலில் பின்னால் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் டிரைவருக்குக் கேட்காது. லோடு ஏற்றியிருந்தால் ஆளே தெரியாது. அதனால், நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் பின்னால் நிற்பவன் டிரெய்லரின் தகரப் பின்கதவில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் மட்டும் இரைச்சலை மீறி முன்னால் வந்து சேரும். தட்டினால் நிறுத்து. தட்டாத வரைக்கும் வா. அவ்வளவுதான் சட்டம். சத்தமே இல்லையென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது, வந்துகொண்டே இரு என்று அர்த்தம். பேருந்துக்கு வருவதற்கு முன்னால் நானும் டிராக்டர் ஓட்டியவன்தான். இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது எனக்கோ எங்கள் ஊரில் வேறு எவனுக்கோ ஒரு நாளும் உறைத்ததில்லை.

என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், வத்திராயிருப்புப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். சொந்த டிராக்டர், சொந்த டிரெய்லர். வெட்டிய தேங்காயை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாயின் கிட்டங்கிக்கு, சரக்கு அடுக்கும் கிடங்குக்கு, கொண்டுபோய்ப் போடுவார். அந்தக் கிட்டங்கி ஒரு சந்தின் கடைசியில் இருக்கிறது. ஒரு பக்கம் அரிசி ஆலையின் பின்சுவர், மறுபக்கம் ஒரு காம்பவுண்டு சுவர். உள்ளே போய்த் திருப்ப முடியாது. ரோட்டிலிருந்தே டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி ஷட்டர் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். டிரெய்லர் உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரு ஆள் ஒருக்களித்துக்கூடப் போக முடியாது. பின்னால் நிற்பவர் டிரெய்லருக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு பின்னுக்கே நடக்க வேண்டியதுதான்.

அத்தான் டிராக்டரை ஓட்ட ஒரு பையனை வைத்துக்கொண்டு, அவர் பின்னால் நிற்பார். ஓட்டத் தெரியாமல் இல்லை. "பின்னாடி நிக்கிறவந்தாம்ல டிரைவரு. மேல உக்காந்திருக்கவன் சும்மா காலாட்டுறவன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அகலமான கை அவருக்கு. பின்கதவில் அவர் எப்போதும் தட்டும் இடத்தில் சிவப்புப் பெயின்ட் போய், ஒரு உள்ளங்கை அளவுக்குத் தகரம் பளபளவென்று இருக்கும்.

அன்றைக்குக் காலை வெயிலில், அதே சந்தில், அவர் தட்டவில்லை. டிரெய்லர் வந்துகொண்டே இருந்தது. ஷட்டர் நெளிகிற சத்தம் கேட்டு, உள்ளே இருந்த பாய் பக்கத்துக் கதவு வழியாக ஓடிவந்து கூச்சல் போட்டார். டிரெய்லரை முன்னால் எடுத்ததும், அதுவரை பின்கதவுக்கும் ஷட்டருக்கும் நடுவே நின்றுகொண்டிருந்த அத்தான் அப்படியே சரிந்து கீழே வந்தார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். நின்ற நிலையிலேயே இருதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். நெஞ்சுக்குக் குறுக்கே கதவின் விளிம்பு பதிந்து ஒரு சிவந்த கோடு இருந்தது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்கிற தெம்பு எங்களுக்கும் இல்லை.

ஓட்டிய பையன் ஆஸ்பத்திரி வராந்தாவில் குத்தவைத்து உட்கார்ந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "அவிய தட்டலயே... தட்டலயே." அவன் மீது யாரும் குற்றம் சொல்லவில்லை. அவன் சொன்னது உண்மை. காரியம் முடிந்ததும் திருப்பூருக்குப் போய்விட்டான். அந்த வார்த்தை மட்டும் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டது. சோறு போடும்போது, முற்றம் தெளிக்கும்போது, திடீரென்று நின்று, "தட்டலயே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். உயிர் முதலில் போனதா, கதவு முதலில் வந்ததா என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்ன பதில் அவளுக்குப் போதவில்லை. வேறு யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை.

டிரெய்லர் தோப்பு ஷெட்டிலேயே கிடந்தது. ஆளைக் காவு வாங்கிய வண்டி என்று ஒரு டிரைவரும் வர மாட்டேன் என்றான். ஓட்டுவதற்காவது கெஞ்சிக் கூத்தாடி ஒருவனைப் பிடிக்கலாம், அதன் பின்னால் நிற்பதற்கு எவனும் இல்லை.

அக்காவுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும். அத்தான்தான் பழக்கினார். ஆனால் முன்னால் ஓட்ட மட்டும்தான். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பதை, "பொறவு பாத்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே இருந்துவிட்டார். அதனால் அவள் கிளம்பும்போதே எங்கே திரும்பலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். ஒருமுறை உரம் வாங்கப் போனவள், திருப்ப இடம் கிடைக்காமல் ஊரெல்லாம் சுற்றி, பக்கத்து ஊர் வழியாக வீடு வந்து சேர்ந்தாள். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டலடித்ததற்கு அளவே இல்லை.

ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, ஞாயித்துக்கெழம வா. எனக்கு ரிவர்ஸ் சொல்லிக்குடு."

"தேங்காய ரோட்டுலயே எறக்கிக்கிடலாம்னு பாய் சொல்றாருல்லக்கா? ஆள் வச்சு உள்ள சொமந்துக்கிடுதேங்கிறாரு."

"சொல்றாரு."

"பொறவென்ன?"

"அந்தச் சந்துக்குள்ள நான் போகணும். எம்புட்டு தூரத்துல என்ன கேக்கும், என்ன கேக்காதுன்னு நான் அந்த சீட்டுல உக்காந்து பாக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், பயத்தில் வந்த கோபம். டிரெய்லர் ரிவர்ஸ் சொல்லிக்கொடுப்பது என்றால் கடைசியில் அதன் பின்னால் போய் நிற்பதுதான். என் மனைவி அடுப்படியிலிருந்தே, "அவிய பிடிவாதத்துக்கு நீங்க பலியா?" என்றாள். நான் அவளையும் வைதுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

கோடை என்பதால் கண்மாய் காய்ந்து பாளம் பாளமாகக் கிடந்தது. அதற்குள் ஓட்டிப் பழக, அந்தச் சந்தின் அகலத்துக்குத் தென்னமட்டைகளை இரண்டு வரிசையாக நட்டேன். முதல் நாள் நான் பின்னால் போகவில்லை. பக்கவாட்டில் தள்ளி நின்று கத்தினேன். டிரெய்லர் ரிவர்ஸில் புதுசாக ஓட்டுபவர்களுக்கு வருகிற கஷ்டம் ஒன்றேதான். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். கண் ஒன்று சொல்லும், கை வேறொன்று செய்யும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் டிராக்டரும் டிரெய்லரும் நடுவில் மடங்கி, முட்டிக்கொண்டு நிற்கும்.

"இது அப்படியே உங்கத்தான்" என்றாள் அக்கா. "இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் போகும்."

அவர் போன பிறகு அவள் அவரைக் கிண்டல் பண்ணி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஸ்டியரிங்கை மேலே பிடிக்காதே, அடியில் ஒரு கையால் பிடி, வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோ என்று சொல்லிக்கொடுத்தேன். மடங்க ஆரம்பித்தால் வீறாப்புக் காட்டாமல் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வா என்றேன். சாயங்காலத்துக்குள் பாதி மட்டைகளைச் சாய்த்துவிட்டாள். மீதிப் பாதி நின்றதே பெரிது.

அடுத்த வாரம் பின்னால் நின்றேன். பழைய முறைப்படிதான் சொன்னேன். "நான் தட்டுனா நிப்பாட்டு. தட்டாத வரைக்கும் வா." அவள் தலையை ஆட்டினாள். டிரெய்லர் என்னை நோக்கி மெதுவாக வந்தது. நான் கையைத் தூக்கக்கூட இல்லை, 'டொக்' என்று ஒரு சத்தம். டிராக்டர் ஒரு குதி குதித்து அணைந்தது. கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்திருக்கிறாள்.

"தட்டுனியா?"

"இல்லையே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் டிரெய்லருக்குள் ஏறிப் பார்த்தேன். மூலையில் சாக்குகளுக்கு அடியிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு வந்து பின்கதவில் முட்டியிருந்தது. குடுமி காய்ந்து கறுத்திருந்தது. அன்றைக்கு ஏற்றிய லோடில் மிச்சமாகத்தான் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு டிரெய்லரில் வேறு லோடு ஏறவே இல்லை. அதை அவளிடம் காட்டினேன். கையில் வாங்கி, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். தண்ணீர் வற்றியிருந்தது. உடைக்கவும் இல்லை, எறியவும் இல்லை, சீட்டுக்கு அடியில் இருந்த கருவிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். டிரெய்லரைக் கூட்டிப் பெருக்கினேன், சாக்கை உதறினேன், பின்கதவின் கொண்டி ஆடாமல் இருக்க ரப்பர் டியூபை வெட்டிக் கட்டினேன். காற்றும் இல்லை. மறுபடி எடுக்கச் சொன்னேன். மட்டைகளுக்கு நடுவே அழகாக நேராக வந்தாள். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. பாதி தூரத்தில் மறுபடியும் 'டொக்'. இந்த முறை பக்குவமாக நிறுத்தினாள். நான் இரண்டு கையையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக் காட்டினேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தகரம் வெயிலில் விரிந்தால் அப்படிச் சத்தம் வரும். நான் அதை அவளிடம் சொல்லவில்லை. சத்தம் வந்த இடத்தில், அந்தப் பளபளப்பான உள்ளங்கை அளவுத் தகரத்தில், ஓரமாகத் துரு பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதன் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெயிலில் கிடந்த தகரம் சூடாகத்தானே இருக்கும்.

எஞ்சினை அணைத்துவிட்டு அக்கா இறங்கி வந்தாள்.

"இந்த மொறையே வேண்டாம்."

"எது?"

"தட்டுனா நிப்பாட்டு, தட்டாட்டி வாங்கிறது. சத்தம் கேட்டா மனசு அங்க போவுது. கேக்காட்டி அதவிட அங்க போவுது. நீ தட்டிக்கிட்டே இரு. உன் கை கேக்குற வரைக்கும் நான் வாரேன். கை நின்னா நானும் நின்னுக்கிடுதேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்தச் சீமையில் எவனும் அப்படிச் செய்வதில்லை, கை செத்துப்போகும், பார்க்கிறவன் சிரிப்பான் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"ஒரு ஆளு நிப்பாட்டுன்னு சொல்லணும்னா மொதல்ல அவன் உசுரோட இருக்கணும்லா?"

அவள் சொன்ன முறைக்கே மாறினோம். டப் டப் டப் என்று நான் தட்டிக்கொண்டே பின்னால் நடக்க, அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்பாள். சோதித்துப் பார்க்க நடுநடுவே சொல்லாமல் கையை எடுத்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முகத்தில் இருந்த இறுக்கமும் தளர்ந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் மட்டைகளை இன்னும் நெருக்கமாக நட்டேன். என் உள்ளங்கைதான் வீங்கிப்போய், பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் ஒரு நாள் காலையில் தேங்காய் லோடோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். காலி டிரெய்லரோடு போவோம் என்றேன், கேட்கவில்லை. "அவிய லோடோடதான நின்னாவ." பாய் எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சொன்னா கேக்க மாட்டீங்களாம்மா" என்றார். சந்துக்குள் ஷட்டருக்குக் கொஞ்சம் முன்னால், காம்பவுண்டு சுவரை ஒரு ஆள் ஒதுங்குகிற அளவுக்கு இடித்துக் குழியாக வைத்திருந்தார். அவசரம் என்றால் இதற்குள் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார். யாருக்காக இடித்தார் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வந்து நிற்க அவருக்கு மனசில்லை. சந்து வாசலில் நின்று ரோட்டில் வருகிறவர்களை நிறுத்திக்கொண்டிருந்தார்.

நான் தட்ட ஆரம்பித்தேன். தேங்காய்க் குவியலுக்கு மேலே வானம் மட்டும்தான் தெரிந்தது. அக்கா தெரியவில்லை. டிரெய்லர் சந்தை அடைத்துக்கொண்டு வந்தது. ஆலைச் சுவரில் உரசவில்லை, காம்பவுண்டில் உரசவில்லை. அவ்வளவு நேராக அத்தான்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. டப் டப் டப். பாய் இடித்த குழியைத் தாண்டினேன். கை கதவில் இருக்க வேண்டுமே, அதற்குள் ஒதுங்கிக்கொண்டு எப்படித் தட்டுவது? முதுகில் ஷட்டர் பட்டது.

அந்த இடம். நெளிந்த தகடு தோள்பட்டைக்குக் கீழே உறுத்தியது. அதே இடத்தில், அதே உயரத்தில், நான் நிற்கிறேன் என்று உடம்புக்குத் தெரிந்த மறுநிமிஷம் மனசு ஓடிப்போய்விட்டது. நிறுத்த வேண்டும் என்று மட்டும் தோன்றியது. நிறுத்த வேண்டும் என்றால் இத்தனை வருஷமாக என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஓங்கித் தட்டினேன்.

டிரெய்லர் வந்தது.

இன்னும் ஓங்கித் தட்டினேன், இரண்டு கையாலும். தட்டத் தட்ட அவள் வந்துகொண்டே இருந்தாள். நான்தான் அவளை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது புத்தியில் ஏறவே இல்லை. குனிந்தால் டிரெய்லருக்கு அடியில் போய்விடலாம் என்பதுகூடப் பிறகு வீட்டில் யோசித்தபோதுதான் தெரிந்தது. கதவின் விளிம்பு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அப்போது என்னால் இனி முடியாது என்று ஆகி, கைகள் தாமாக விழுந்தன.

டிரெய்லர் நின்றது.

கையைத் தொங்கவிட்டு நின்றேன். அத்தானும் அன்றைக்கு இதைத்தான் செய்திருப்பார். அன்றைக்கு அதற்கு வா என்று அர்த்தம்.

எஞ்சின் அணைந்தது. சந்தில் ஒரு சத்தமும் இல்லை.

"ஏலே, இருக்கியா?"

நான் நெஞ்சில் கிடந்த கதவின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கியாலே?"

தேங்காய்கள் உருளும் சத்தம் கேட்டது. பக்கவாட்டில் வர வழியில்லாததால், லோடின் மேலேயே ஏறி, தவழ்ந்து வந்துகொண்டிருந்தாள். கதவுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. கண்ணெல்லாம் தண்ணீர்.

"கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டியா நாயே!"

"இருக்கேன்க்கா."

"சத்தமாச் சொல்லு."

"இருக்கேன்."

சந்து வாசலிலிருந்து பாய் கடவுளுக்கு நன்றி சொல்வது கேட்டது. அக்கா மேலே இருந்தபடியே கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். பிறகு என் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்த கதவையும், எனக்குப் பின்னால் நெளிந்திருந்த ஷட்டரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு ஒருத்தரும் இருக்கியளான்னு கேக்கலலே" என்றாள். "கேட்டிருந்தா எது மொதல்லன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

டிரெய்லரை முன்னால் எடுத்து என்னை விடுவிக்க, தேங்காய்களின் மேலேயே திரும்பப் போனாள். சீட்டில் உட்காருவது கேட்டது. எஞ்சினைப் போடுவதற்கு முன்னால் மறுபடியும் குரல் கொடுத்தாள்.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா" என்றேன். இந்த முறை கேட்கும்படிதான் சொன்னேன்.

அதன் பிறகும் அவள் எஞ்சினைப் போடவில்லை. இன்னொரு பதில் வர வேண்டியிருக்கிறது என்று அவள் காத்திருப்பது எனக்குப் புரிந்தது. கதவில் அத்தான் தட்டித் தேய்ந்த அந்தத் துருப்பிடித்த இடம் என் கைக்கு நேராக இருந்தது. நான் கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, நானும் காது கொடுத்து நின்றேன்.